கால் ஊன்றாத நாட்கள்

ஜூன் 4
முட்டிக்குள் எடை தாங்காத ஓரத்திலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பைக் கிள்ளி எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து செல் வளர்க்க லேப்புக்குப் போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 6
தையல் அரிக்கிறது.

ஜூன் 9
குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. எலும்பு முறிந்தால் ரத்தம் வந்து தேங்கும், அதிலிருந்தே ஒட்டத் தொடங்கும். இதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குழி விழுந்தால் விழுந்ததுதான். அதனால்தான் வெளியே செல்லை வளர்த்து உள்ளே வைக்கிற ஏற்பாடு. ஸ்வீடனில் கோதன்பர்க் டாக்டர்கள் 23 பேருக்குச் செய்து 1994இல் முடிவை வெளியிட்டார்கள். முட்டிச்சில்லில் குழி இருந்த 7 பேரில் 2 பேருக்குத்தான் நன்றாக வந்தது. தொடை எலும்பு முனையில் இருந்த 16 பேரில் 14 பேருக்கு. எனக்கும் தொடை எலும்புதான். ஆனால் மனசு அந்த 14 பக்கம் போகவே மாட்டேன் என்கிறது. மீதி 2 பேர் யார்? அவர்களும் இப்படித்தான் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டார்களா?

ஜூன் 12
சின்ன மாமா வந்தார். "எதுக்கும்மா மாசக் கணக்குல காத்துக் கிடக்கணும்? இடுப்பெலும்புல மஜ்ஜைய உறிஞ்சி அன்னைக்கே முட்டில ஊசி போட்டு அனுப்பிடறாங்க. ஸ்டெம் செல்! தானே போய் ஒட்டிக்கும்." நோட்டீஸ் கொண்டுவந்திருந்தார். முட்டிவலி, சர்க்கரை, ஆட்டிசம், முடி கொட்டுதல் எல்லாவற்றுக்கும் அதே ஊசி. மஜ்ஜையில் ஸ்டெம் செல் இருப்பது நிஜம். லேப் தட்டில் அது எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறும், அதுவும் நிஜம். ஆனால் உறிஞ்சுகிற மஜ்ஜையில் பத்தாயிரம் செல்லுக்கு ஒன்று தேறினாலே பெரிது. அது முட்டிக்குள் போய் என்ன ஆகும் என்று நோட்டீஸ்காரருக்கு யார் சொன்னது? அப்பா வேறு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஜூன் 13
அந்த 2 பேர்.

ஜூன் 17
அம்மாவின் தையல் டேப்பால் அளந்தோம். இடது தொடை ஒன்றரை அங்குலம் இளைத்திருக்கிறது. பயிற்சி செய்தால் வந்துவிடும் என்கிறார் பிசியோ. தசை நார்களை ஒட்டியே ஸ்டெம் செல்கள் தூங்குகின்றனவாம், அடிபட்டால் எழுந்து வேலை பார்க்குமாம். தசைக்கு மட்டும் எவ்வளவு வசதி! முட்டி என்ன பாவம் செய்தது?

ஜூன் 22
ராத்திரி கரண்ட் போனது. செல்கள் 37 டிகிரிப் பெட்டியில் இருக்க வேண்டும். லேப்பில் ஜெனரேட்டர் இருக்கும், இல்லையா?

ஜூன் 23
யாரோடும் பேசவில்லை.

ஜூலை 3
லேப்பிலிருந்து தகவல் வந்ததாம். நன்றாகப் பெருகுகிறது, கிருமி இல்லை. அம்மா கேசரி கிண்டினாள். சாப்பிட்டுவிட்டுக் காரணமில்லாமல் அழுதேன்.

ஜூலை 11
நாளை அட்மிஷன். செல் வந்ததும் தள்ளிப்போடாமல் வைத்துவிட வேண்டுமாம். இன்சூரன்ஸில் இன்றைக்கும் புதிதாக ஒரு பேப்பர் கேட்கிறார்கள். அப்பா ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கிறார்.