றைன் எந்தப் பக்கம் ஓடுது?

இந்த ஆண்டு மாசியில் எங்கள் புவியியல் சேர் காலமான செய்தி சங்க வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் இரவு வேலையில் நின்றேன். மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். எழுத வரவில்லை. ஐப்பசியில் என் வாங்குத் தோழன் மகளைப் பார்க்க யேர்மனிக்கு வந்தான். அவனோடு கொலோனில் நனைந்த ஒரு நாளுக்குப் பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அவன் ரயிலால் இறங்கும்போதே மழை. "எங்கட ஐப்பசி மழை சொல்லிப்போட்டு வரும் மச்சான். இது சத்தமில்லாமல் நனைக்குது" என்றான். நிலைய வாசலிலேயே டோம் தேவாலயம். 1248இல் தொடங்கி, இடையில் தலைமுறை தலைமுறையாக வேலை நின்று, 1880இல் முடித்தார்கள். 157 மீற்றர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததில் இருவர் மூக்குக்கண்ணாடியிலும் தண்ணீர். உள்ளே சேருக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினோம். வெளியே வந்ததும் கேட்டான்: "றைன் எங்கை?"

அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு இன்னும் காது சுடும். பத்தாம் வகுப்பு, மேல்மாடி, சாப்பாட்டுக்குப் பிந்திய பாடம். சுவரில் ஐரோப்பாப் படம். "றைன் எந்தப் பக்கம் ஓடுது?" என்று சேர் என்னை எழுப்பினார். ஆறு மேலிருந்து கீழேதான் ஓடும், படத்தில் கீழே இருப்பது தெற்கு. தெற்கு என்றேன். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர வேறு ஆறு நான் கண்டதில்லை.

"படத்தைக் கழற்று" என்றார். கழற்றித் தரையில் விரித்தேன். "இப்ப எது மேல், எது கீழ்? காட்டு." முழங்காலில் இருந்தபடி விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தேன். வகுப்பே சிரித்தது. பாடம் முடியும்வரை அப்படியே இருக்கச் சொன்னார். வெள்ளைக் காற்சட்டையில் ஒட்டிய தூசி தட்டத் தட்டப் போகவில்லை.

அல்ப்ஸ் உயரம், வடகடல் பள்ளம், ஆகவே வடக்கே என்று தரையில் கிடந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. வாய் திறக்க மனம் வரவில்லை. 1986இல் வெளிக்கிடும்போது மற்ற ஆசிரியர்களிடம் போய்ச் சொல்லிக்கொண்டேன். சேர் வீட்டுப் படலைவரை போய்ச் சைக்கிளைத் திருப்பிவிட்டேன்.

பழைய நகரக் கரையில் ஒரு கோபுரம், மணிக்கூடு போல முகத்தோடு நிற்கும். "நேரம் பிழையாக் கிடக்கு" என்றான். அது ஆற்று மட்டம் காட்டுவது. சின்ன முள் மீற்றர், பெரிய முள் அதில் பத்தில் ஒன்று. 1995 தை வெள்ளத்தில் 10.69 மீற்றர்வரை ஏறியது. அந்த இடம், றைனின் தூரத்தை அளக்கத் தொடங்கும் கொன்ஸ்ரன்ஸ் நகரப் பாலத்திலிருந்து 688ஆவது கிலோமீற்றர் என்றதும் ஈரக் கொப்பியில் குறித்துக்கொண்டான். அவன் இப்போது ஊரில் புவியியல் ஆசிரியர்.

சரக்கு ஏற்றிய படகொன்று எதிரோட்டத்தில் முனகி முனகி ஏறியது. மற்றொன்று வடக்கே விறுவிறென்று போனது. குடையை மறந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"புது வகுப்புக்கு முதல் நாள் படத்தைக் கழற்றி நிலத்தில விரிக்கிறனான். சேர் உனக்குக் காட்டினதுதான். ஆனா ஒருத்தரையும் முழங்காலில இருத்திறேல்லை. எல்லாரும் சுத்திவர இருப்பம்."

அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "போன வருஷம் சேரிட்டைப் போனனான். உன்ர கதை வந்தது. 'அவன் அங்கைதானே இருக்கிறான், ஆத்தைப் போய்ப் பார்த்தவனோ?' எண்டு கேட்டவர்."

முப்பது வருடத்துக்கு மேலாக வேலைக்குப் போகவும் வரவும் ஹோகன்சோலன் பாலத்தில் அந்த ஆற்றைக் கடக்கிறேன். ஆற்றுப் படம் போட்ட தபாலட்டை நிலையத்துக் கடையிலேயே விற்கிறார்கள். "பார்த்தேன் சேர், வடக்கேதான் ஓடுது" என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம்.

அவன் குடைக்குள் இருந்து போனை எடுத்தான். "பிள்ளையளுக்குக் காட்ட வேணும். நில். எந்தப் பக்கம் ஓடுது எண்டு காட்டு."

ஆற்றுக்கு முதுகு காட்டி நின்று வலக்கையை வடக்கே நீட்டினேன். மழைத்தண்ணீர் சட்டைக் கைக்குள்ளால் முழங்கைவரை இறங்கியது.

"கொஞ்சம் பிடி மச்சான், கண்ணாடி நனைஞ்சு போச்சு" என்றான்.

நீட்டியபடியே நின்றேன்.