தாய்ப்பாலை நிறுத்தாமல் பேதியைக் கடப்பது: நீலகிரி அனுபவம்

எச்.ஐ.வி. உள்ள தாயின் கைக்குழந்தைக்குப் பேதியானால், முதலில் குழந்தையின் குல்லாவைக் கழற்றுங்கள். ஊட்டி, குன்னூர், மஞ்சூர் குளிரில் கைக்குழந்தை எந்நேரமும் கம்பளிக் குல்லாவும் ஸ்வெட்டருமாகத்தான் இருக்கும். உடம்பில் நீர் வற்றுவதைக் காட்டிக்கொடுக்கும் உச்சிக்குழியும் வயிற்றுத் தோலும் துணிக்குள் மறைந்துபோகின்றன. கை கால் சில்லென்று இருப்பதை மட்டும் வைத்து மலையில் எதையும் முடிவுகட்ட முடியாது. கதவைச் சாத்திவிட்டு, தொப்புளுக்குப் பக்கத்தில் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி விடுங்கள். உடனே சமமானால் பயமில்லை. மெதுவாகப் படிந்தால் நீர் வற்றத் தொடங்கிவிட்டது. இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பு நின்றாலோ, குழந்தை துவண்டு பால் குடிக்காமல் கிடந்தாலோ 108-ஐ அழையுங்கள். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தையென்றால், பேதி என்று தெரிந்த அன்றே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை கடுகு மஞ்சள் நிறத்தில் தளர்வாக, நாளைக்கு ஏழெட்டு முறைகூடப் போகும். அது பேதி அல்ல. வழக்கத்தைவிட அதிகமுறை, தண்ணீராகப் பீய்ச்சினால்தான் பேதி.

எச்.ஐ.வி. உள்ள தாய்க்கு அந்த நேரத்தில் வரும் முதல் எண்ணம், “என் பாலால்தான் இப்படி ஆச்சோ” என்பது. உடனே பாலை நிறுத்திவிட்டுப் புட்டிப்பாலுக்குப் போகிறார்கள். எங்களுக்கு மனசு பதறுவது இந்த இடத்தில்தான். தாய் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கும்) மாத்திரையைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் அளவு அடங்கியிருந்தால், பால் வழியாகத் தொற்றும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. பூஜ்யம் என்று சொல்ல முடியாது. ஆனால் பேதியில் தாய்ப்பாலை நிறுத்துவதால் வரும் ஆபத்து கண்முன்னே நிற்பது. 2006 தொடக்கத்தில் போட்ஸ்வானாவில் பெருமழைக்குப் பின் பேதி பரவியபோது, எச்.ஐ.வி.க்குப் பயந்து பால்பவுடருக்கு மாற்றப்பட்டிருந்த குழந்தைகள் ஏராளமாக இறந்தார்கள். மழைக்காலத்தில் கலங்கி வரும் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்துக் குடிக்கும் எஸ்டேட் லயன்களுக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும்) அதே பாடம்தான்.

இன்னொரு குழப்பம்: “ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்னு சொன்னீங்களே, ஓ.ஆர்.எஸ். குடுக்கலாமா?” கொடுக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். (நீர் வற்றாமல் காக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்), ஜிங்க் (துத்தநாக மாத்திரை), நெவிரபின் (குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் சிரப்) எல்லாம் மருந்துக் கணக்கு. ஓமத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், வசம்புதான் கூடாது. அவை குடலைப் புண்ணாக்கும், கிருமியையும் சேர்த்துக் கொண்டுபோகும். பாட்டி ஒருமுறை தெரியாமல் புகட்டிவிட்டால் அதற்காகப் பாலை நிறுத்திவிடாதீர்கள். அதோடு விட்டுவிட்டுப் பாலைத் தொடருங்கள்.

ஓ.ஆர்.எஸ். கலக்குவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது. அதை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டினால் உப்பு ஏறி வலிப்பே வரலாம். பாதிப் பொட்டலம், கால் பொட்டலம் என்று கண்ணளவில் பிரிக்கவும் கூடாது. முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டரில் கரைத்து, 24 மணி நேரத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். கடையில் ஜூஸ் மாதிரி விற்கும் பாக்கெட் பானம் வேண்டாம். அதிலுள்ள அதிகச் சர்க்கரை பேதியைக் கூட்டும்.

தண்ணீர் விஷயம் மலைக்கே உரியது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 2000 மீட்டருக்கு மேலிருக்கும் ஊர்களில், தளதளவென்று கொதி வந்தபிறகு மூன்று நிமிடம் விட்டு இறக்குங்கள். ஆறியபிறகு கலக்குங்கள். கலக்கியதைத் திரும்பச் சுட வைக்கக் கூடாது. ராத்திரிக் குளிரில் அது ஐஸாகி, குழந்தை முகம் சுளித்துத் துப்பும். அப்போது டம்ளரைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்துக்குள் சிறிது நேரம் வைத்தால் போதும்.

இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி ஓ.ஆர்.எஸ்., பாலாடையில் (பால் புகட்டும் சங்கில்) கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. நீர் வற்றத் தொடங்கிவிட்டால் கிலோவுக்கு 75 மில்லி, நான்கு மணி நேரத்துக்குள், மருத்துவமனையில் கண்காணிப்போடு. ஐந்து கிலோக் குழந்தைக்கு 375 மில்லி. உங்கள் பாலாடை எவ்வளவு பிடிக்கும் என்று சிரிஞ்சால் ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் கணக்கு தவறாது. இடையிடையே மார்பில் போடுங்கள்.

ஜிங்க் 20 மில்லிகிராம் மாத்திரையில் இரண்டு முதல் ஆறு மாதக் குழந்தைக்குப் பாதி, அதற்கு மேல் முழுசு. பீய்ச்சிய தாய்ப்பாலில் கரண்டியிலேயே கரையும். பேதி நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

நெவிரபின், கோட்ரைமாக்ஸசோல் (மற்ற கிருமித் தொற்றுகளைத் தடுக்கும் மருந்து) சிரப்பை நிறுத்த வேண்டாம். கொடுத்த அரைமணிக்குள் கக்கிவிட்டால் அந்த வேளை மருந்தைத் திரும்பக் கொடுங்கள். தாய்க்கும் பேதியாகி அவர் மாத்திரை தவறியிருந்தால், ஏ.ஆர்.டி. மையத்துக்கு அன்றைக்கே சொல்லுங்கள். குழந்தையின் மருந்தை மாற்ற வேண்டிவரலாம்.

குந்தா பக்கமிருந்து ஊட்டிக்குக் கொண்டைஊசி வளைவுகளில் இறங்கி ஏற நேரமாகும். மாலை மூடுபனி வேறு. வண்டி வரும்வரை காத்திராமல் ஓ.ஆர்.எஸ். ஆரம்பித்து, வழியிலும் புகட்டிக்கொண்டே வாருங்கள். மருத்துவமனையில் வரிசையில் நின்று எதையும் உரக்கச் சொல்லத் தேவையில்லை. டாக்டரிடம் தனியாக ஏ.ஆர்.டி. புத்தகத்தையும் குழந்தையின் சிரப் பாட்டிலையும் காட்டினால் போதும். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி மருத்துவமனையில் இருப்பவர்கள் அதை வெளியில் சொல்லக் கூடாது.

மலத்தில் ரத்தம் வந்தாலோ, பேதி 14 நாளைத் தொட்டாலோ வீட்டு வைத்தியம் போதாது. குழந்தையின் எச்.ஐ.வி. பரிசோதனையையும் அப்போது கேளுங்கள், முந்தைய முடிவு ‘இல்லை’ என்று வந்திருந்தாலும். ஆறாவது வாரச் சோதனை அன்றுவரையுள்ள நிலையைத்தான் சொல்லும். ஆறு மாதம், 12 மாதம், 18 மாதம், பால் நிறுத்தியபிறகு என்று அடுத்தடுத்த சோதனைகளும் இருக்கின்றன.