பித்தளை முடிச்சு வைத்த பேனா: கோடு எங்கே தப்புகிறது?

பேனாவாகக் கடையப்போகும் ரப்பர் மரக் கட்டையில் பித்தளை முடிச்சு (நாலு பக்கமும் சாய்வாகப் பதித்த தகடுகள், கடைந்ததும் பின்னிய முடிச்சு போலத் தெரியும் கோலம்) பதிக்க, முதலில் அளக்க வேண்டியது ரம்பம் வெட்டும் தடத்தின் அகலத்தை. தடம் 1.5 மி.மீ. என்றால் பித்தளைத் தகட்டின் தடிப்பும் அதே 1.5. கால் மில்லி குறைந்தாலும் நாலாவது வெட்டில் கோடுகள் ஒன்றோடொன்று சேராது.

சதுரக் கட்டையை 45 பாகையில் அறுங்கள்; அடியில் 2 மி.மீ. அறுக்காமல் விட்டுவிடுங்கள். தகட்டை எப்பாக்ஸிப் பசையால் ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, கால் சுற்று திருப்பி அடுத்த வெட்டு. இரண்டாம் வெட்டிலிருந்து ரம்பம் பித்தளையையும் கடிக்கும், அழுத்தாதீர்கள். அவசரக்காரர்கள் சூப்பர் குளூ போடுவார்கள். பேனாக் குழாய்க்குத் துளையிடும் சூட்டில் அது கழன்றுகொள்ளும். துளையிடும்போது 7 மி.மீ. பிட்டைச் சென்டிமீட்டருக்கு ஒருமுறை இழுத்துத் தூள் தட்டுங்கள்.

பினாங்கு ஈரக்காற்றில் மரம் உப்பும், பித்தளை அசையாது. இணைப்பைத் தடவினால் விரலில் மேடு தட்டும். அறுக்கும் முன்பே கட்டையை அதே அறைக்காற்றில் சில வாரம் வைத்துப் பழக்கலாம்.

உப்புத்தாள்தான் கடைசி வில்லன். பித்தளைத் தூள் வெளிர் மரத்தின் நுண்துளைகளில் இறங்கினால் சாம்பல் பூசியது போலாகிவிடும். மெல்லிய சூப்பர் குளூ பூசித் துளைகளை அடைத்த பிறகே, கடைசல் இயந்திரத்தை நிறுத்தி, நீளவாக்கில் தேயுங்கள்.