அம்மாவுக்குச் சொல்லும் கதை

ஜூன் 3
ஆஸ்பத்திரியில் அம்மாவின் ரிப்போர்ட் வரவில்லை. நாளைக்கு என்றார்கள்.

ஜூன் 4
இன்றும் வரவில்லை. அம்மா தூங்கும் நேரமெல்லாம் ஆன் பிராண்டேயின் 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' படிக்கிறேன். 1848இல் ஆக்டன் பெல் என்ற புனைபெயரில் வந்த நாவல். ஹெலன் படம் வரைந்து விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குடிகாரப் புருஷனிடமிருந்து போய்விடலாம் என்று டைரியில் எழுதி வைக்கிறாள். அவன் அதைப் பிடுங்கிப் படித்துவிடுகிறான். சாவியை வாங்கி, வண்ணங்கள், தூரிகைகள், வார்னிஷ் எல்லாவற்றையும் அவள் கண்ணெதிரே நெருப்பில் போடுகிறான். வண்ணக் கத்திகளை இரண்டாக ஒடிக்கிறான். எண்ணெயும் டர்பன்டைனும் சீறிக்கொண்டு புகைபோக்கியில் ஏறுகின்றன. அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

ஜூன் 5
அம்மாவிடம் கதையைச் சொன்னேன். "கோர்ட்டுக்குப் போகலையா அவ?" என்று கேட்டாள். போனாலும் சட்டம் அவன் பக்கம்தான் அம்மா என்றேன். கதை நடப்பது 1820களில். பெண்டாட்டி சம்பாதித்த காசு அவளுக்கே சொந்தம் என்று சொல்ல இங்கிலாந்தில் 1870 வரை சட்டம் இல்லை. படங்களை விற்றிருந்தாலும் பணம் அவனுடையதுதான். பிள்ளையும் அவனுடையதுதான். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையை என்னிடம் கொடுங்கள் என்று தாய் கேட்க வழி வந்ததே 1839இல். அதனால்தான் ஹெலன் கடைசியில் தப்பித்து, பெயரை மாற்றிக்கொண்டு ஒளிந்து வாழ்கிறாள். வரைந்த படத்தில்கூட ஊர்ப் பெயரை மாற்றி எழுதுகிறாள்.

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "என் தையல் மெஷினைக்கூட..." என்று ஆரம்பித்தாள். நர்ஸ் வந்துவிட்டார்.

ஜூன் 6
தையல் மெஷின் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 7
கோபமாக இருக்கிறது. ஆன் 1849இல், 29 வயதில் இறந்துபோனாள். இந்த நாவலை மறுபடி அச்சிட வேண்டாம் என்றது வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அக்கா சார்லட். 'ஜேன் ஐர்' நாவலை எழுதிய அதே கை! தங்கை எடுத்துக்கொண்ட விஷயமே தவறு என்று எழுதினாளே, எப்படி மனசு வந்தது?

ரிப்போர்ட் நாளைக்காம்.

ஜூன் 8
ஹெலன் திரும்பிப் போகிறாள். அவன் படுத்த படுக்கையாகிவிட்டான், பார்த்துக்கொள்ளப் போகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை, அம்மாவிடம் கத்தியே விட்டேன். ஆனால் பிள்ளையைக் கண்ணில் காட்டுவதற்கு முன், பிள்ளை தன் பொறுப்பில்தான் என்று அவனிடம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறாள், சாட்சி வைத்து. அதைச் சொன்னதும் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "எழுதி வாங்கினாளா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

ஜூன் 9
ஹெலன் தன் டைரியை இன்னொருவரிடம் கொடுக்கும்போது கடைசிப் பக்கங்களைக் கிழித்துக்கொண்டுதான் கொடுக்கிறாள்.

மெஷின் என்ன ஆனது என்று அம்மா நேற்று ராத்திரி சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை. டாக்டர் கூப்பிடுகிறார்.