லெவலர்கள்: எனக்கு அரியர் வைத்த ஒரு சொல்

நேற்று ரிசல்ட் வந்தது. எம்.ஏ. வரலாறு, இங்கிலாந்து வரலாறு பேப்பரில் 75க்கு 57. போன முறை 35. பாஸுக்கு வேண்டியது 38. அந்த மூன்று மதிப்பெண்ணுக்காக ஆறு மாதம் மனசு ஆறவே இல்லை.

விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். 'லெவலர்கள்', ஐந்து மதிப்பெண் சிறுகுறிப்பு. 1640களில், இங்கிலாந்து உள்நாட்டுப் போர்க் காலத்தில் அரசியல் உரிமை கேட்ட கூட்டம் அது. "சொத்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடச் சொன்னவர்கள்" என்று எழுதிய வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஓரத்தில் சைபர்.

என் நோட்ஸில் 'சமன்செய்வோர்' என்றிருந்தது. பெயரை வைத்தே கொள்கையை ஊகித்துவிட்டேன். அந்தப் பெயரோ அவர்கள் வைத்துக்கொண்டதே அல்ல. 1607ல் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பொது நிலத்தை வளைத்துப் போட்ட வேலிகளைப் பிடுங்கி, பள்ளத்தைத் தூர்த்தவர்களை லெவலர் என்றார்கள். அது மண்வெட்டி வேலை. 1647ல் லில்பர்ன், ஓவர்ட்டன், வால்வின் கூட்டத்தின் மேல் எதிரிகள் அதையே வசையாக வீசினார்கள். இவர்கள் கேட்டது வாக்குரிமை, மதச் சுதந்திரம், எல்லோருக்கும் ஒரே சட்டம். சொத்தைப் பொதுவாக்க நாடாளுமன்றத்துக்கே அதிகாரம் கிடையாது என்று தங்கள் கோரிக்கை அறிக்கையான 1649 மே மாத 'மக்கள் உடன்படிக்கை'யில் எழுதியும் வைத்தார்கள்.

பட்னி விவாதத்தைக் கட்டாயம் படியுங்கள். 1647ல் லண்டன் அருகே பட்னியில், யாருக்கெல்லாம் வாக்கு என்று நாடாளுமன்றப் படைக்குள் நடந்த வாக்குவாதம் அது. இங்கிலாந்தின் பரம ஏழைக்கும் பெரிய மனிதனைப் போலவே வாழ ஒரு வாழ்க்கை உண்டு, அவன் சம்மதம் இல்லாமல் அவனை ஆள முடியாது என்கிறார் லெவலர்கள் பக்கம் நின்ற படை அதிகாரி ரெயின்ஸ்பரோ. சொத்தில்லாதவனுக்கு வாக்குக் கொடுத்தால் யார் சொத்தும் மிஞ்சாது என்று மல்லுக்கு நிற்கிறார் படைத் தளபதி ஐர்ட்டன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "முதல்ல பேசினவரு சரியாத்தானே சொல்றாரு" என்றார்.

அப்புறம், குழப்பிக்கொள்ளக் கூடாதவை:

- நிலத்தைப் பொதுவாக்கியவர்கள் டிக்கர்கள். தலைவர் வின்ஸ்டன்லி, பொது நிலத்தில் பயிரிடத் தொடங்கிய இடம் செயின்ட் ஜார்ஜ் குன்று, 1649 ஏப்ரல். 'உண்மையான லெவலர்கள்' என்று தங்களைச் சொல்லிக்கொண்டது இவர்கள்தான். நான் விழுந்தது இங்கேதான்.
- லெவலர்களின் அடையாளம் கடல்பச்சை ரிப்பன்.
- பர்ஃபோர்டு ஊர், 1649 மே 17: லெவலர்கள் பக்கம் நின்று படையில் கலகம் செய்த மூன்று வீரர்கள் தேவாலய வளாகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.
- பெண்கள் திரண்டு மனுக் கொடுத்தார்கள். ஆனாலும் பெண்களுக்கு வாக்கு என்ற கோரிக்கை எழவில்லை.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு கூட்டத்தின் பெயருக்கும் கீழே மூன்று வரி எழுதினேன்: பெயரை வைத்தது யார், அவர்கள் ஏற்றார்களா, உண்மையில் கேட்டது என்ன. குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவு, விக், டோரி என்ற கட்சிகள் எல்லாமே ஏளனப் பெயராகத் தொடங்கியவை என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்த முறை லெவலர்கள் வரவில்லை. விக், டோரி கட்சிகள் பத்து மதிப்பெண்ணில் வந்தன. அந்தப் பெயர்களை யார் வைத்தார்கள் என்பதில்தான் விடையை ஆரம்பித்தேன்.