டோக்கன் நாளும் ஆராதனை நாளும்

மண்டபம் பக்கம் இருக்கும் எங்கள் லுத்தரன் கிறிஸ்தவக் கோயிலில் ஞாயிறு ஆராதனை சாயங்காலம் அஞ்சு மணிக்கு. வெளியூரிலிருந்து வரும் லுத்தரன் ஆட்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மணி அடிக்காத கோயில் என்ன கோயில் என்று நேரடியாகவே கேட்டவர்களும் உண்டு. கேட்டவர்கள் யாரும் ஞாயிறு விடியற்காலையில் எங்கள் கரைக்கு வந்து பார்த்ததில்லை.

இங்கே வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் போகும். திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுடையவை. சனிக்கிழமை மீன்துறையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போன படகு ஞாயிறு காலைதான் கரை சேரும். சேர்ந்ததும் இறால் தனி, நண்டு தனி, கணவாய் தனி, மிச்சமெல்லாம் சங்காயம், அதாவது கழிவு மீன், என்று பிரிக்கணும், எடை போடணும், ஐஸ் கணக்கு டீசல் கணக்கு எல்லாம் கழித்துப் பங்கு கைக்கு வரணும். அதெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் படுக்கிற மனுஷனை மணி அடித்து எழுப்பி பாவ அறிக்கை சொல்ல வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெண்கள் மட்டும் வருவார்களே என்றால், பாதிப் பெண்களும் கரையில்தான் இருப்பார்கள்.

நான் இந்தச் சபையில் உபதேசியார். ஒரு குருசேகரத்துக்குள் பல சின்னச் சபைகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஐயர், அதாவது போதகர். அவர் மாதத்தில் ஒரு முறை, முடிந்தால் இரண்டு முறை வந்து நற்கருணை கொடுப்பார். மற்றபடி ஆராதனை நடத்துவது, ஞாயிறு பள்ளி, நோயாளி வீட்டுக்குப் போவது, சாவு வீட்டில் முதலில் போய் நிற்பது, தண்ணீர் லாரி வரும்போது கோயில் குடத்தையும் வரிசையில் வைப்பது, எல்லாம் என் பொறுப்பு. சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம், நெல் விளைகிற ஊர். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மண்டபம் பக்கம் வந்த பிறகு இந்த ஜனங்கள் சொல்லித் தந்தது.

"நீங்க ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, அல்லேலூயாவா?" இது இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி. இந்தக் கரையில் கிறிஸ்தவர் என்றால் பெரும்பாலும் கத்தோலிக்கர்தான், ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கும் போகிறவர்கள். கீழக்கரை, பெரியபட்டினம் என்று முஸ்லிம் ஊர்கள் நிறைய. லுத்தரன் என்பது கைவிரல் விட்டு எண்ணுகிற குடும்பங்கள். தரங்கம்பாடி சீகன்பால்கு சபை என்று சொன்னால் பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு மட்டும் புரியும். 1706 ஜூலையில் கப்பலிலிருந்து இறங்கிய அந்த ஜெர்மன்காரர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார், பிறகு 1715இல் புதிய ஏற்பாட்டையே தமிழில் அச்சடித்தார். வந்த ஊரில் முதலில் மாணவனாக உட்கார்ந்த ஆள் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். ஊழியத் திட்டம் என்று தாளில் எழுதிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால், நீங்களும் கொஞ்ச நாள் மணலில் எழுதிவிட்டு வாங்களேன் என்று சொல்லத் தோன்றும். சொன்னதில்லை, சம்பளம் வாங்குகிறேனே.

எங்கள் சபையின் சமூக ஊழியம் என்னவென்று யாராவது கேட்டால் நான் வராண்டாவில் கிடக்கும் பிளாஸ்டிக் மேசையைத்தான் காட்டுவேன். சாயங்காலம் அதில் உட்கார்ந்து மனு எழுதுவேன், படிவம் நிரப்புவேன். தடைக்கால நிவாரணம், சேமிப்பு நிவாரணத் திட்டம், முதியோர் உதவித்தொகை, பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப். இந்தச் சேமிப்புத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500ஆகத் திருப்பித் தரும், நல்ல திட்டம்தான். ஆனால் ஆதாரில் ‘அந்தோனிசாமி’, பாஸ்புக்கில் ‘அந்தோணிச்சாமி’, நலவாரிய அட்டையில் இனிஷியலே இல்லை என்றால் பணம் நடுவில் எங்கேயோ நின்றுவிடும். ஆள் நேரில் நிற்கிறார், முகம் இருக்கிறது, கை ரேகை இருக்கிறது, ஒரு எழுத்து மாறியதால் அவர் அவர் இல்லை என்றாகிவிடுகிறது. கைரேகையும் சிலருக்கு மிஷினில் விழாது. வருஷக்கணக்காகக் கயிறு இழுத்த விரலில் ரேகை எங்கே இருக்கும்?

மேசைக்கு வருகிறவர்களில் எங்கள் சபையார் குறைவு. பக்கத்துத் தெரு முஸ்லிம் பாட்டிமார், மாதா கோயில் தெருக்காரர்கள், முனியசாமி கோயில் பூசாரி வரைக்கும் வருவார்கள். இதில் சுவிசேஷம் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார், கேள்வி நியாயமானதுதான். ஆனால் மனு எழுத வந்தவர் கையில் துண்டுப்பிரசுரம் திணிப்பது எனக்குப் பிடிக்காது. அவருடைய பாஸ்புக் என் கையில் இருக்கிறது, எழுந்து போக முடியாது, அந்த நேரத்தில் பிரசங்கம் வைப்பது மரியாதை இல்லை. கோயில் கதவு திறந்துதான் இருக்கிறது. கேட்கணும் என்றால் கேட்கட்டும்.

பெண்கள் சங்கக் கூட்டம் தேதி வைக்கிற விஷயம் இன்னும் வேடிக்கை. சங்கத்து அக்காமாரில் பலர் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா பக்கம் கடற்பாசி எடுக்கப் போகிறவர்கள். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள், தண்ணீர் நன்றாக வற்றும் சமயத்தில்தான் அந்த வேலை. ஆகவே லுத்தரன் பெண்கள் சங்கத்துக்குத் தேதி குறிக்க நான் தினசரி காலண்டரில் அமாவாசை, அஷ்டமி எல்லாம் பார்க்கிறேன். ஐயர் முதல் தடவை இதைக் கேட்டுச் சிரித்தார், அப்புறம் அவரே போன் பண்ணி, "இந்த மாசம் பௌர்ணமி என்னைக்கு, உபதேசியாரே?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பெண்கள் கடலுக்குப் புறப்படுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கணும். பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டுவார்கள், பாறை கிழிக்காமல் இருக்க. புடவைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை. கண்ணுக்குக் கண்ணாடி. இடுப்பில் பை. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் பிடித்திருக்கும் பாசியைப் பறித்துக்கொண்டு மேலே வந்து, மறுபடி முங்கி, மணிக்கணக்காக. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்ததிலிருந்து தீவுப் பக்கம் போவது வனத்துறையோடு எப்போதும் தகராறு. மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்போம் என்று இந்தப் பெண்களே தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி அம்மாவுக்கு 2015இல் அமெரிக்காவில் சீகாலஜி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு விருது கொடுத்தது இந்த வேலைக்காகத்தான். கூட்டத்தில் நான் சிக்கனம் பற்றிப் பேச ஆரம்பித்தால் இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பிள்ளைகளை முதல் நற்கருணைக்குத் தயார் செய்கிற திடப்படுத்தல் வகுப்பில் நடந்ததையும் சொல்லணும். எங்கள் சபைப் பிரிவுக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம்தான் பாடம். அன்றைக்குப் பத்துக் கட்டளைகளில் ஏழாம் கற்பனை, களவு செய்யாதிருப்பாயாக. லுத்தர் அதற்கு எழுதிய விளக்கம் திருடாதே என்பதோடு நிற்காது. பிறனுடைய சொத்தும் பிழைப்பும் பெருகவும் பாதுகாக்கப்படவும் நாம் உதவணும் என்கிற வரைக்கும் போகும். அன்றைக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான்.

"சார், அப்பா கோட்டத் தாண்டிப் போறது களவா?"

வகுப்பில் சத்தமே இல்லை. எல்லாப் பிள்ளைகளின் வீட்டிலும் யாராவது அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள்தான். இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஒப்பந்தங்களில் போட்ட கடல் எல்லைக் கோடு. தண்ணீரில் அது எங்கே இருக்கிறது என்பதை ஜிபிஎஸ் மட்டும்தான் சொல்லும். கரையில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது, கச்சத்தீவை யாரைக் கேட்டுக் கொடுத்தார்கள் என்பது. அது வேறு கேள்வி, நல்ல கேள்வி. ஆனால் பையன் கேட்டது அதுவல்ல. அந்தப் பக்கம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் போர் முடிந்த 2009க்குப் பிறகு மறுபடி கடலுக்கு வந்தவர்கள் சின்னப் படகும் வலையும் வைத்திருக்கிற ஆட்கள். நம் விசைப்படகுகளின் இழுவைமடி, அதாவது கடலடியை வாரி இழுக்கிற வலை, அடியோடு அரித்துக்கொண்டு போகும்போது அவர்கள் வலையும் சேர்ந்து போகிறது. இலங்கை 2017இல் இழுவைமடியையே தடை செய்துவிட்டது. அவர்களும் தமிழ்தான் பேசுகிறார்கள், அவர்களிலும் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், ஏராளம்.

நான் பையனிடம், "தம்பி, உங்க அப்பாவ நான் கள்ளன்னு சொல்ல மாட்டேன். ஆனா வலை அறுந்தவர் இங்க வந்து நின்னு கேட்டா நான் என்ன சொல்லணும், நீ சொல்லு" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவுகளும் எங்க தாத்தா மாதிரி வல்லத்துக்காரவுகதான சார்" என்றான். வல்லம் என்றால் நாட்டுப்படகு.

அடுத்த வாரம் அவன் அப்பா மேசைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன். வந்து உட்கார்ந்து, மனு எதுவும் எடுக்காமல், "எல்லாம் தெரிஞ்சுதான் போறோம்ங்கய்யா" என்றார். கரையை ஒட்டி விசைப்படகு மடி போடக்கூடாது, அதைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் கோடு வந்துவிடும், நடுவில் இருக்கிற தண்ணீரில் இத்தனை படகுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார். படகு முதலாளியுடையது, இவர் பங்குக்குப் போகிறவர், போகமாட்டேன் என்றால் வேறு ஆள் போவான். வாங்கிய முன்பணம் கழியணும். நான் மறுத்து எதுவும் பேசவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. களவு யாருடையது என்று பிரித்துப் பார்த்தால் முதலாளி, கடன் கொடுத்தவர், அந்தக் காலத்தில் மானியம் கொடுத்து மடியை ஊக்கப்படுத்திய சர்க்கார், இறால் வாங்குகிற கம்பெனி என்று நீண்டுகொண்டே போகும், கடைசியில் ஜெயிலுக்குப் போகிறவர் மட்டும் இவர். அதன் பிறகும் ஏழாம் கற்பனையை அதே விளக்கத்தோடுதான் நடத்துகிறேன், லுத்தரை நம் வசதிக்குக் குறைக்க முடியாது. இலங்கைக் கடற்படை ஆட்களைப் பிடித்துப் போனால் அன்றிரவே குடும்பங்கள் மேசைக்கு வரும். பெயர், வயது, படகு எண் எழுதி மனு தயார் செய்வேன். அந்த நேரத்தில் கற்பனை எண் எதுவும் வாயில் வராது, வரவும் கூடாது.

ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில். அந்த 61 நாளும் சபைக்கு நல்ல கூட்டம் இருக்கும் என்று புதிதாக வரும் ஐயர்மார் கணக்குப் போடுவார்கள். படகில் வேலை இல்லாததால் இளைஞர்கள் கேரளாவுக்குப் போய்விடுவார்கள் என்பது அப்புறம்தான் தெரியும், அங்கே தடை ஜூனில்தான் தொடங்குகிறது. ஆனால் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பிள்ளைகள் வருவார்கள். அம்மாமார் நகையை அடகு வைக்கும் மாதமும் அதுதான், எனவே மதியம் ஒரு வேளை சாப்பாடு போடுகிறோம். சங்கத்துப் பெண்கள் தினமும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள், அந்தப் பிடியரிசிக் காணிக்கைதான் அதற்கு. காய்கறி சாயபு கடையிலிருந்து வரும், கணக்கு எழுத விடமாட்டார்.

அறுப்பின் பண்டிகை இந்தக் கரையில் நெல்லும் வாழைத்தாரும் இல்லாத பண்டிகை. பலிபீடத்துக்கு முன்னால் கருவாடு, கருப்பட்டி, முண்டு மிளகாய், இரண்டு சேவல், ஒரு நல்ல வஞ்சிரம் ஐஸ் பெட்டியில். போன தடவை ஏலத்தில் எதிர்பார்த்ததைவிடக் கூடவே வந்தது. மாதா கோயில் தெருக்காரர்களும் வந்து ஏலம் கேட்டதுதான் காரணம், சேவலுக்கு இரண்டு பேர் ரோஷத்தில் ஏற்றிக்கொண்டே போனார்கள். அந்தப் பணத்தில் பாசி எடுக்கும் பெண்களுக்குத் தரமான முங்குகிற கண்ணாடியும் கையுறையும் வாங்கலாமா என்று சங்கத்திலிருந்து கேட்டார்கள். சபைக் கமிட்டியில் ஒரு பெரியவர் பெயின்ட் அடிக்கணும், சுவர் உப்பு பூத்துக் கிடக்கிறது என்றார். அதுவும் உண்மைதான், இங்கே சுவர் எத்தனை அடித்தாலும் உப்பு பூக்கும். இன்னொருவர், பாசி எடுக்கிறவர்களில் நம் சபைக்காரர் கொஞ்சம் பேர்தானே, மற்றவர்களுக்கும் கோயில் பணத்தில் கண்ணாடியா என்று கேட்டார். சேவலை ஏலத்தில் எடுத்தவர் எந்தச் சபைக்காரர் என்று சங்கத் தலைவி அக்கா திருப்பிக் கேட்டார். கண்ணாடிக்குத் தீர்மானம் எழுதி ஐயரிடம் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறோம். பெயின்ட் அடுத்த வருஷம் பார்க்கலாம்.