ஒரு சொல் பாக்கி

எங்களுக்குக் கணினிப் பிணையம் (நெட்வொர்க்) சொல்லித் தந்த சார் காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு தரவு மையத்தில் கையில் கேபிளோடு நின்றுகொண்டிருந்தேன். ஓர் இணைப்பு விட்டுவிட்டு வேலை செய்துகொண்டிருந்தது. கூட வந்த இளம் பொறியாளர் மடிக்கணினியில் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேபிளின் முனையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வேலையில் நான் ஆரம்பிக்கிற இடம் அதுதான். கீழிருந்து ஆரம்பி என்று சொல்லித் தந்தவர் போய்விட்டார் என்று அந்த நேரம் பார்த்துத் தகவல் வந்தது.

"நெட்வொர்க் சார் போயிட்டார்" என்று மட்டும்தான் நண்பன் எழுதியிருந்தான். எந்த சார் என்று நம்மில் யாரும் கேட்கமாட்டோம்.

பழைய மாணவர்களான நமக்காக வரும் மலரில் அவரைப் பற்றி எழுதும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். நீலப் பதிவேடு, சனிக்கிழமை முறை, நாலாவது மேசை, சாவிக்கொத்துச் சத்தம் கேட்டதும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவது, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. துண்டுச்சீட்டு வகுப்பும் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அதைக் கொஞ்சம் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை.

தகவலைத் துண்டுதுண்டாக்கி முகவரி போட்டு அனுப்பும் இணைய விதிமுறையான ஐபி என்றால் என்ன என்று சார் வரையறை எழுதிப்போட்டதே இல்லை. ஒரு வாக்கியத்தைச் சொல்லுக்கு ஒரு சீட்டாக எழுதி, அனுப்புகிறவன் பெயர், பெறுகிறவன் பெயர், வரிசை எண் எல்லாம் குறித்து, மூலையில் 8 என்று போட்டு முன்வரிசையில் கொடுப்பார். ஒவ்வொரு மேசையும் ஒரு திசைவி, அதாவது வந்ததை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும் ரூட்டர். சீட்டு வந்ததும் மூலையில் உள்ள எண்ணில் ஒன்றைக் கழித்துவிட்டு, எந்தப் பக்கம் தோன்றுகிறதோ அந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டும். எண் சுழியத்துக்கு வந்தால் கிழித்துப் போட்டுவிடலாம், இல்லாவிட்டால் வழி தவறிய சீட்டு வகுப்பு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் சாரும் இரண்டு சீட்டைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கடைசி வரிசைக்கு வந்து சேரும்போது வாக்கியம் முன்பின்னாக, ஓட்டையும் உடைசலுமாக இருக்கும். "ஐபியோட வேலை அவ்வளவுதான். முயற்சி பண்ணும், சத்தியம் பண்ணாது" என்பார்.

அப்புறம்தான், ஐபியின் மேல் நின்று முழுச் செய்தியும் போய்ச் சேரப் பார்த்துக்கொள்ளும் டிசிபி வரும். எந்த எண் வரைக்கும் ஒழுங்காக வந்தது என்று பெறுகிறவன் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லாத எண்ணை அனுப்பினவன் மறுபடி அனுப்ப வேண்டும். நடுவில் இருக்கிற யாரையும் நம்பாமல், இரண்டு முனைகளும் மட்டும் பொறுப்பெடுத்துக்கொண்டு முழு வாக்கியத்தையும் கரை சேர்ப்பதை நாங்கள் கையாலேயே செய்து பார்த்தோம்.

ஒரு நாள் ஒருவன் எழுந்து, டிசிபியில் இரண்டு முனையும் பேச்சைத் தொடங்க எதற்கு மூன்று சீட்டு, இரண்டு போதாதா என்று கேட்டான். நான் இவன், என் எண் இது. சரி, உன் எண் கிடைத்தது, என் எண் இது. அங்கேயே முடிந்துவிட்டதே என்றான். சார் பதில் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து கசங்கிய சீட்டு ஒன்றை எடுத்துக் கடைசி மேசையில் வைத்தார். போன வாரம் அவர் பறித்துவைத்த தொடக்கச் சீட்டு அது. கடைசி மேசைக்காரன் அதை நம்பிப் பதில் எழுதி அனுப்பினான். பதில் முன்வரிசைக்கு வந்ததும் அங்கே இருந்தவன், "நான் கேட்கவே இல்லையே சார்" என்றான். "அதை அவன்கிட்டச் சொல்லணுமா இல்லையா? அதுக்குத்தான் மூணாவது சீட்டு" என்றார் சார். பல ஆண்டுகள் கழித்து, டிசிபியின் விதிகளைச் சொல்லும் ஆவணமான ஆர்.எஃப்.சி. 793-ஐ முழுதாகப் படித்தேன். மூன்று கட்டத் தொடக்கத்துக்கு முதன்மைக் காரணமாக அதில் சொல்லியிருந்ததும் இதுதான்: எப்போதோ அனுப்பிய பழைய தொடக்கம் தாமதமாக வந்து சேர்ந்து குழப்பக் கூடாது. அந்தக் கசங்கிய சீட்டு என் கண்முன்னால் வந்து நின்றது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

1997. பார்வையாளர்கள் வருவதாக இருந்தது. ஆய்வுக்கூடப் பொறுப்பு என்னுடையது. வகுப்பில் முதலாவதாக வருகிறவன் நான். பிணையத்தை அடியில் கேபிளிலிருந்து உச்சியில் மென்பொருள் வரை ஏழாகப் பிரிக்கும் ஓஎஸ்ஐ அடுக்குகளை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் மூச்சுவிடாமல் சொல்வேன். அன்று காலையில் பத்துக் கணினிகளும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. ஒரே கோஆக்சியல் கேபிள் எல்லாக் கணினிகளையும் தொட்டுப் போகும் பழைய ஈதர்நெட் அது. நான் கணினி முன்னால் உட்கார்ந்து ஐபி முகவரியை மாற்றினேன், பிணைய அட்டையின் மென்பொருளை நீக்கித் திரும்பப் போட்டேன், பகிர்வு அமைப்புகளை எல்லாம் அழித்துத் திரும்ப எழுதினேன். நாற்பது நிமிடம் போனது. கீழ்வகுப்புப் பிள்ளைகள் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. "எங்கேர்ந்து ஆரம்பிச்சே?" என்றார்.

"மேலேர்ந்து சார்."

"கீழே குனி."

எல்லோர் முன்னாலும் என்னை மேசைக்கு அடியில் தவழச் சொன்னார். கேபிளில் கையை வைத்து, முதல் கணினியிலிருந்து கடைசிக் கணினி வரைக்கும் கை எடுக்காமல் வரச் சொன்னார். கடைசிக் கணினியின் டி-இணைப்பில் ஒரு பக்கம் வெறுமனே இருந்தது. கேபிளின் முனையை மூடும் டெர்மினேட்டர் இல்லை. முந்தின சாயங்காலம் அந்தக் கணினியை நகர்த்தும்போது அதைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தவன் நானேதான்.

"ஏழு அடுக்கையும் ஒப்பிக்கத் தெரிஞ்சவனுக்கு ஒரு அடுக்கைத் தொட்டுப் பார்க்கத் தெரியலே" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். முழங்காலில் தூசியோடு எழுந்து நின்ற அந்த நிமிடத்தை நான் இதுவரை யாரிடமும் பேசியதில்லை. அன்று அவரை வெறுத்தேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் கூப்பிட்டு அனுப்பினார். போக மனமில்லாமல் போனேன். மேசையில் அந்த டெர்மினேட்டர் இருந்தது. விரல் நுனியளவு உலோகத் தொப்பி, உள்ளே 50 ஓம் மின்தடை ஒன்று, அவ்வளவுதான். தள்ளித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். மல்டிமீட்டரை என் கையில் கொடுத்து, ஒரு டி-இணைப்பைக் கணினியிலிருந்து கழற்றி அளக்கச் சொன்னார். 25 ஓம் காட்டியது. இரண்டு முனையிலும் ஐம்பது ஐம்பது, இணையாக இருப்பதால் இருபத்தைந்து. ஒன்றைக் கழற்றிவிட்டு அளக்கச் சொன்னார். 50. "எத்தனை மேசை இருந்தாலும் சரி, எங்கே வேணா அளந்து பாரு. இருபத்தஞ்சுன்னா ரெண்டும் இருக்கு. அம்பதுன்னா ஒண்ணு இல்லே. நாற்பது நிமிஷ வேலை இல்லடா, நாற்பது வினாடி."

கேபிளின் முனை திறந்திருந்தால் அலை அதில் மோதித் திரும்பி வரும் என்றார். கிணற்றுக்குள் கத்தினால் நம் குரலே நம்மிடம் வருகிற மாதிரி. திரும்பி வரும் அந்தக் குரலைக் கேட்டு, யாரோ குறுக்கே பேசுகிறார்கள் என்று ஒவ்வொரு கணினியும் மோதல் அறிவித்துப் பின்வாங்கும். ஒரு முனையில் ஒரு தொப்பி இல்லாததற்கு மொத்தக் கூடமும் ஊமையாகிவிடும்.

அப்புறம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அதுதான் நான் சொல்ல வந்த விஷயம். ஆர்.எஃப்.சி. 793, டிசிபியின் மூல ஆவணம், 1981 செப்டம்பரில் வந்தது. அதை அவர் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். எண்பதுக்கு மேற்பட்ட பக்கங்களில் தொடக்கப் பக்கங்கள் சிலவற்றை முடித்திருந்தார். "நீ சொல்லை ஒப்பிக்கிறே, பொருளைத் தொடலே. தமிழ்லே எழுதிப் பாரு. தொடாம எழுத முடியாது" என்றார். மன்னிப்பு மாதிரியான வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. நோட்டைக் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

அதற்கு அப்புறம் இரண்டு வருடம் சாயங்கால நேரமெல்லாம் அந்த நோட்டோடுதான் போனது. ஒரு சொல்லுக்கு ஒரு வாரம் சண்டை நடக்கும். ரூட்டருக்கு நான் "வழிகாட்டி" என்றேன். "வழி முழுசா அதுக்குத் தெரியாதுடா, அடுத்த அடி மட்டும்தான் தெரியும். திசைவின்னு போடு" என்றார். பாக்கெட்டுக்கு "பொட்டலம்" என்றேன். பொட்டலம் கட்டிவைப்பது, பொதி சுமந்துகொண்டு போவது என்று வேறுபடுத்திப் "பொதி" எழுதினார். அக்னாலெட்ஜ்மென்ட்டுக்குப் பதிவுத் தபாலில் வருகிற "ஒப்புகை" அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆங்கிலத்தில் நான் கடகடவென்று சொல்லிக்கொண்டு போன இடங்களில் எல்லாம் தமிழ் என்னை நிறுத்தி, இது என்ன என்று கேட்டது. இன்றைக்குப் பிணையத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது என்று எதைச் சொல்வேனோ, அது அந்த நிறுத்தங்களில் தெரிந்துகொண்டதுதான்.

ஆர்.எஃப்.சி. என்ற இந்த ஆவணங்களுக்குக் "கருத்துக் கேட்கும் கோரிக்கை" (ரிக்வெஸ்ட் ஃபார் காமென்ட்ஸ்) என்று ஏன் பெயர் வந்தது என்பதைச் சொல்லும்போது சாரின் முகம் மலரும். முதல் ஆவணம் 1969 ஏப்ரல் 7. எழுதியவர் ஸ்டீவ் குரோக்கர், அப்போது பட்டமேற்படிப்பு மாணவர். அதிகாரம் ஒன்றும் கையில் இல்லாத மாணவர்கள் கட்டளையிடுகிற தொனியில் எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் அந்தப் பணிவான பெயரை வைத்தார். தங்கியிருந்த வீட்டில் மற்றவர்கள் தூக்கம் கெடக் கூடாது என்று குளியலறையில் உட்கார்ந்து எழுதினாராம். "உலகத்தையே இணைச்ச காகிதம், யாருக்கும் உத்தரவு போடலே. என்ன நினைக்கிறீங்கன்னு கேக்குது" என்பார் சார்.

1998 அக்டோபரில் ஜான் போஸ்டல் இறந்தபோது வகுப்பில் நடந்ததும் நினைவிருக்கும். 1969-இலிருந்து இந்த ஆவணங்களைத் தொகுத்தவர், இணையத்தில் எந்த எண் எதற்கு என்று கணக்கு வைத்திருந்தவர். 793-இன் தொகுப்பாசிரியரும் அவர்தான். டிசிபியை உருவாக்கியவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃப் எழுதிய இரங்கலே ஓர் ஆர்.எஃப்.சி.யாக, 2468 என்ற எண்ணோடு வந்தது. ஓரத்தில் துளை போட்ட அச்சுத்தாளில் அதைச் சார் கொண்டுவந்து, நின்றுகொண்டே வாசித்தார். நடுவில் நிறுத்தி ஜன்னல் பக்கம் பார்த்தார். அனுப்பும்போது கண்டிப்பாக இரு, வாங்கும்போது தாராளமாக இரு என்று போஸ்டல் 793-இல் எழுதிய வரி சாருக்கு மந்திரம். விடைத்தாள் திருத்துவதில்கூட அவர் அப்படித்தான். சொல் பிசகினாலும் பொருள் வந்திருந்தால் மதிப்பெண் போட்டுவிடுவார். வாங்கும்போது இவ்வளவு தாராளம் வேண்டாம், பிழை மறைந்து வளர்கிறது என்று இன்று வல்லுநர்கள் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. இருந்தாலும் அந்தத் தாராளத்தால் பிழைத்த பிள்ளைகள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும்.

கடைசியாக நாங்கள் உட்கார்ந்தது, ஓர் இணைப்பு தொடங்கி முடியும்வரை கடக்கும் நிலைகளைக் காட்டும் டிசிபியின் நிலைப்படத்தில். மொத்தம் பதினோரு நிலைகள். பத்துக்குச் சொல் கிடைத்தது. டைம்-வெயிட் என்பதற்குக் கிடைக்கவில்லை. இரண்டு பக்கமும் பேசி முடித்தாயிற்று, கடைசி ஒப்புகையும் போயாயிற்று. ஆனாலும் முதலில் விடைபெற்றவன் உடனே கலைந்துபோகக் கூடாது. அந்தக் கடைசி ஒப்புகை வழியில் தொலைந்திருந்தால் எதிர்ப்பக்கம் மறுபடி கேட்கும். கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். ஆவணக் கணக்குப்படி நாலு நிமிடம் நிற்க வேண்டும். நான் "காத்திருப்பு" என்றேன். எழுதிவிட்டு அடித்தார். "எதுக்குன்னு சொல்லலியே அந்தச் சொல். யோசிச்சுச் சொல்லு."

1999-இல் வெளிநாடு கிளம்பினேன். மிச்சத்தை முடித்து அனுப்பு என்று நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டார். இங்கே வந்தபின் வேலை, அந்த மொழி, அந்த அவசரம். இரண்டு கடிதம் போட்டார். இரண்டாவதில் நோட்டைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தார். முடித்துவிட்டுப் பதில் எழுதலாம் என்று எடுத்துவைத்தேன். நாலு வீடு மாறினேன். ஒவ்வொரு வீட்டிலும் நோட்டுக்கு ஓர் இடம் இருந்தது, அதைத் திறக்கத்தான் ஒரு நாள் வரவில்லை. 2022 ஆகஸ்டில் 793-க்குப் பதிலாக ஆர்.எஃப்.சி. 9293 வந்தது. அன்று இரவே படித்தேன். டைம்-வெயிட் அப்படியேதான் இருந்தது. சாருக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன், எழுதவில்லை. போகாமல் இருந்திருந்தால் முடித்திருப்பேனா என்ற கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. முடித்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

செய்தி வந்த அன்று இரவு நோட்டை எடுத்தேன். பத்து நிலைகளுக்கும் எதிரே அவருடைய சாய்ந்த எழுத்து. ஒன்றுக்கு எதிரே அடித்த சொல்லும் வெற்றிடமும். பார்த்துக்கொண்டே இருந்தபோது கிளம்பின நாள் நினைவுக்கு வந்தது. விடைபெற்றுக்கொண்டு, படி இறங்கி, திருப்பம் தாண்டிப் போய்விட்டேன். சான்றிதழ் உறையை மேசையிலேயே விட்டுவந்தது அப்புறம்தான் தெரிந்தது. திரும்ப ஓடிவந்தேன். மூன்று நான்கு நிமிடம் ஆகியிருக்கும். சார் அதே வாசலில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். "என்னடா, எதை விட்டே?" என்றார்.

அந்த வெற்றிடத்தில் "வழியனுப்பு நிலை" என்று எழுதினேன்.

நோட்டின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துப் பழைய மாணவர் சங்கத்துக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் முக்கால் பங்கு பாக்கி இருக்கிறது. இந்த வருடத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு பக்கம் எழுதுகிறேன், சேர்ந்து எழுத விரும்புகிறவர்கள் வாருங்கள். அந்தச் சொல்லைப் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன். அதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் அடித்துவிட்டு எழுதுங்கள்.